கலிபியே கணவாயில் ஒரு பழைய நாளிதழ்

"யாரோட போற?"

அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். எந்த ஊர், எத்தனை நாள், எவ்வளவு செலவு என்பதெல்லாம் பிறகுதான் வந்தன.

"தனியாத்தான் மா."

"தனியாவா? சைக்கிள்லயா? மலையிலயா?" ஒவ்வொரு கேள்விக்கும் அவர் குரல் ஒரு படி ஏறியது. பக்கத்தில் பசியாறிக்கொண்டிருந்த என் கணவர் தோசையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அவரிடம் இந்த விசாரணை ஏற்கெனவே முடிந்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்திருந்தார்: "மேகம் கறுத்தா திரும்பிடணும். எவ்வளவு தூரம் ஏறியிருந்தாலும் சரி." நானும் சரியென்று தலையாட்டியிருந்தேன். அந்தத் தலையாட்டலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு வயது 41. கிள்ளானில் கணக்காளர் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் ஓட்டுவதும், விடுமுறை நாள்களில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைவதும் பத்து ஆண்டுப் பழக்கம். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்ற ஆசை ஓர் இரவில் முளைத்தது. 2024 ஆகஸ்ட் 18. பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் கடைசிக் கட்டம். நள்ளிரவை ஒட்டி, வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆல்ப் துயேஸ் மலையுச்சியில் டெமி வோலரிங் முதலாவதாக வந்தார். ஆனால் மஞ்சள் சட்டை அவருக்குக் கிடைக்கவில்லை. எட்டுக் கட்டங்கள் ஓடி முடித்த கணக்கில், வெறும் 4 விநாடி வித்தியாசத்தில் காசியா நியேவியாடோமா பட்டத்தை வென்றார். அந்த நான்கு விநாடியைவிட அந்தச் சாலைதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. மலையின் முகத்தில் யாரோ கயிற்றை மடித்து மடித்துப் போட்டதுபோல் ஒரு சாலை. அதில் நானும் ஒருநாள் மிதிக்க வேண்டும், நின்று நின்று படம் எடுக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு செப்டம்பர் முதல் வாரத்தில் ஒன்பது நாள் விடுப்பு எடுத்தேன். செப்டம்பரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. பிரான்சில் பள்ளி விடுமுறை முடிந்துவிடும், மலைச் சாலைகளில் வாகனம் குறையும், ஆனால் உயரமான கணவாய்கள் இன்னும் திறந்தே இருக்கும். கலிபியே போன்ற சாலைகள் குளிர்காலம் முழுவதும் பனியில் புதைந்து கிடப்பவை. அவற்றுக்கு ஆண்டில் சில மாதங்கள்தான் வாழ்வு.

பயிற்சிக்கு நம் ஊரிலேயே மலை இருக்கிறது. கோல குபு பாருவிலிருந்து ஃபிரேசர் மலைக்கு ஏறும் சாலையில் ஆறு மாதம் மாறி மாறி மிதித்தேன். கோத்தோங் ஜெயாவுக்கு மேலே கெந்திங் ஏற்றத்தில் இரண்டு முறை இறங்கித் தள்ளியிருக்கிறேன், அதையும் மறைக்க வேண்டாம். கால் தயாராகிவிட்டது. தயாராகாதது வேறொன்று. அதற்குப் பயிற்சி எடுக்க மலேசியாவில் இடமே இல்லை என்பது அங்கே போன பிறகுதான் புரிந்தது.

சைக்கிளைக் கொண்டு போகவில்லை. பெட்டியில் அடைத்து விமானத்தில் ஏற்றி, ரயில் மாறி, பேருந்து மாறித் தூக்கிச் சுமப்பதைவிட அங்கேயே வாடகைக்கு எடுப்பது மேல். மிதியடியையும் காலணியையும் மட்டும் கொண்டு போனேன். லியோனில் இறங்கி, கிரெனோபிள் வழியாகப் பேருந்தில் பூர் துவாசான் என்ற சிற்றூர். சுற்றிலும் சுவர்போல மலை. நடுவில் தட்டையான பள்ளத்தாக்கு. அதில் ஒரு கடைத்தெரு. அந்தத் தெருவில் ரொட்டிக்கடைக்கு இணையாகச் சைக்கிள் கடைகள். வாடகை எடுத்த கடையில் பிரேக்கைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். நல்லவேளை. என் சைக்கிளில் முன் பிரேக் வலது கையில். அங்கே இடது கையில். சாலையிலும் வலப்பக்கமாகப் போக வேண்டும். முதல் நாள் முழுக்க "வலது, வலது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓட்டினேன்.

பூர் துவாசானுக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் ஏறுவது ஆல்ப் துயேஸைத்தான். 13.8 கிலோமீட்டர், 21 கொண்டை ஊசி வளைவுகள், சராசரி ஏற்றம் 8 விழுக்காட்டை ஒட்டி. அதாவது ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் எட்டு மீட்டர் உயரம். வளைவுகளுக்கு எண் போட்டிருக்கிறார்கள். கீழே 21, மேலே 1. இந்தத் தலைகீழ்க் கணக்கு ஒரு பெரிய ஆறுதல், மிச்சம் எத்தனை என்று பலகையே சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு பலகையிலும் இங்கே வென்ற பந்தய வீரரின் பெயர். 1952இல், பந்தயம் முதன்முதலாக இந்த மலைக்கு வந்தபோது வென்றவர் இத்தாலியின் ஃபாஸ்டோ கோப்பி. வெற்றியாளர்கள் 21 பேருக்கு மேல் போனதும் பலகை தீர்ந்துவிட்டது. இப்போது ஒரே பலகையில் இரண்டு பெயர்கள்.

முதல் இரண்டு கிலோமீட்டரில்தான் ஏற்றம் மிகக் கடுமை. தெரியாமல் வேகமாகத் தொடங்குகிறவர்களை மலை அங்கேயே பிடித்துக்கொள்கிறது. நான் ஒவ்வொரு வளைவிலும் நின்று படம் எடுத்தேன். உண்மையில் பாதிப் படங்கள் மூச்சு வாங்குவதற்காக எடுத்தவை. கழுத்தில் கேமரா தொங்கினால் நிற்பதற்கு ஒரு கௌரவமான காரணம் கிடைத்துவிடுகிறது! மேலே போய்ச் சேர எனக்கு 2 மணி 5 நிமிடம். 1990களில் மார்க்கோ பந்தானி சுமார் 37 நிமிடத்தில் ஏறியிருக்கிறார். அவர் காலத்துப் பந்தயங்களைச் சுற்றியிருந்த ஊக்கமருந்துச் சர்ச்சை தனிக்கதை. ஆனாலும் அந்த எண்ணை நினைத்தபோது, வளைவில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது.

உச்சி எனக்கு ஏமாற்றம்தான். அது பனிச்சறுக்கு விடுதி நகரம். கோடையில் வெறுமையாக நிற்கும் அடுக்குமாடிகள், இழுவைக் கம்பிகள், கார் நிறுத்துமிடம். சாலைதான் அழகு, போய்ச் சேரும் இடமல்ல. படம் எடுக்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உச்சியோடு திரும்பிவிடாமல், பின்புறமாகச் சரேன் கணவாய்க்குப் போகும் குறுகிய சாலையில் போய்ப் பாருங்கள். ஆட்டுக் கழுத்து மணியும் மர்மோத்துகளின் விசிலும் தவிர வேறு சத்தமில்லை. மர்மோத் என்பது பூனை அளவுக்குக் கொழுத்த அணில் மாதிரி ஒன்று. ஆளைக் கண்டதும் விசிலடித்துவிட்டு வளைக்குள் பாய்ந்துவிடும். அந்த விசிலை முதலில் கேட்டபோது யாரோ என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

முக்காலியையும் பெரிய லென்ஸையும் அன்று இரவே பெட்டியில் வைத்துப் பூட்டினேன். எட்டு விழுக்காடு ஏற்றத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் கால் கணக்குக் கேட்கிறது. பெட்டியை விடுதியில் விட்டுவிட்டு, ஒரு சிறிய முதுகுப்பையோடும் ஒரே ஒரு லென்ஸோடும் மூன்றாம் நாள் லா கிராவ் என்ற ஊருக்கு ஏறினேன். ரொமான்ஷ் ஆற்றை ஒட்டிச் சுமார் 28 கிலோமீட்டர். வழியில் சுரங்கப் பாதைகள். முன்னும் பின்னும் விளக்கு இல்லாமல் போகவே கூடாது. சாம்போன் ஏரி அருகே 2015இல் மலை சரிந்து, பழைய சுரங்கப் பாதையையே மூட வேண்டி வந்தது. பிறகு புதிதாகக் குடைந்தார்கள். தனியாகப் போகும் பெண் என்பதால் எதையெதையோ நினைத்துப் பயந்திருந்தேன். ஒன்பது நாளில் மனிதர்களால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. உண்மையில் நடுங்கியது அந்தச் சுரங்கங்களுக்குள்தான், பின்னால் லாரி வரும் சத்தம் சுவரில் மோதிப் பெரிதாகிப் பெரிதாகி வந்தபோது.

லா கிராவுக்கு எதிரே லா மேஜ் மலை நிற்கிறது. 3,983 மீட்டர். ஊரிலிருந்து பார்த்தால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் நேராக எழும்பிய கறுப்புப் பாறை, அதன் மேல் தொங்கும் பனியாறுகள். ஆல்ப்ஸின் பெரிய சிகரங்களில் கடைசியாக வசப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. 1877இல்தான் பியேர் காஸ்பார் என்ற உள்ளூர் வழிகாட்டியும் அவர் மகனும், புவாலோ த காஸ்தெல்நோ என்பவரை அழைத்துக்கொண்டு இதன் உச்சியைத் தொட்டார்கள். நான் வந்ததே இந்த மலையைப் படம் எடுக்கத்தான். இரண்டு நாள் எடுத்தேன். எல்லாம் குப்பை.

காரணம் எளிது, எனக்குத்தான் உறைக்கவில்லை. கிள்ளானில் சூரியன் தலைக்கு மேலே போகிறது. எந்தக் கட்டடத்துக்கும் முன்புறம், பின்புறம் என்று வெயில் பேதம் பார்ப்பதில்லை. அங்கே சூரியன் தெற்கு வானத்தில் சாய்ந்தபடியே நாள் முழுக்க நகர்கிறது. லா மேஜ் ஊருக்குத் தெற்கே இருக்கிறது. ஆகவே நாம் பார்ப்பது மலையின் முதுகு. வெயில் அதற்குப் பின்னால். காலை பத்து மணிக்குக் கேமராவைத் தூக்கினால் லென்ஸுக்குள் ஒளி கொட்டுகிறது, மலை கரித்துண்டாக விழுகிறது. மலைநாட்டு பிரெஞ்சுக்காரர்கள் இந்த இரண்டு பக்கங்களுக்கும் தனித்தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். வெயில் படும் சரிவு அத்ரே. நிழல் சரிவு யூபாக். ஊர்களும் வயல்களும் பெரும்பாலும் அத்ரே பக்கம். யூபாக் பக்கம் காடும் பனியும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பள்ளத்தாக்கே எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. எந்த வீடு எங்கே கட்டப்பட்டிருக்கிறது, எந்தச் சரிவில் புல் அறுத்துக் காயப்போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் வெயில் போட்ட கணக்கு.

அதன்பிறகு லா மேஜுக்கு முதுகைக் காட்டிவிட்டு எதிர்ப்பக்கம் ஏறினேன். லே தெராஸ், அதற்கும் மேலே ஷாஸ்லே. கல் வீடுகள், மரப் பலகணிகள், தண்ணீர் கொட்டும் கல் தொட்டிகள். தொட்டியில் குடிக்கலாமா கூடாதா என்று எழுதியிருக்கும், படித்துவிட்டு நிரப்புங்கள். ஷாஸ்லேயில் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு சின்னப் பிரார்த்தனைக் கூடம் உண்டு. சூரியன் முழுக்க மறைந்து, வானம் எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சமாக ஆன பிறகு, முக்காலி இல்லாததால் கேமராவைக் கல்சுவரின்மேல் மடித்த சட்டையில் வைத்து, இரண்டு விநாடி திறந்துவைத்து ஒரு படம் எடுத்தேன். கறுப்புப் பாறையில் ஒவ்வொரு விரிசலும் தெரிந்தது. பனியாறு நீலமாக இருந்தது. அன்று இரவு உருளைக்கிழங்கைப் பாலேட்டில் வேகவைத்த அந்த வட்டாரத்து உணவைச் சாப்பிட்டேன். மாட்டிறைச்சி வேண்டாம் என்று சொல்ல "பா த பெஃப்" என்ற மூன்று சொல் போதும். யாரும் முகம் சுளிக்கவில்லை.

இந்த மகிழ்ச்சிதான் மறுநாள் என்னைக் கெடுத்தது என்று நினைக்கிறேன்.

சைக்கிளும் கேமராவும் நல்ல நண்பர்கள் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அவை நண்பர்களே அல்ல. மலையில் சைக்கிள் "கிளம்பு, கிளம்பு" என்கிறது. காலையிலேயே ஏறி, மதியத்துக்குள் இறங்கிவிடச் சொல்கிறது. கேமரா "இரு, இன்னும் கொஞ்சம் இரு" என்கிறது. கூட ஒருவர் இருந்தால் "போதும் வா" என்று இழுத்திருப்பார். தனியாகப் போகும்போது அதைச் சொல்ல ஆள் இல்லை.

ஐந்தாம் நாள் கலிபியே கணவாய்க்குப் போவதாகத் திட்டம். 2,642 மீட்டர். லா கிராவிலிருந்து லோத்தரே கணவாய்வரை சுமார் 11 கிலோமீட்டர் மெதுவான ஏற்றம். அங்கிருந்து இடப்பக்கம் திரும்பி 8.5 கிலோமீட்டர் செங்குத்து. காலை ஏழு மணிக்குக் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் புல்வெளியில் பனித்துளி, சரிவில் ஆடுகள், ஒரு தேவாலயக் கோபுரத்தின்மேல் கீற்றாக வெயில். கிளம்பும்போது மணி ஒன்று.

லோத்தரே வரை வானம் சுத்தம். அதைத் தாண்டியதும் மரம் ஒன்றுகூட இல்லை. புல், பாறை, சாலை. கிலோமீட்டருக்கு ஒரு கல். உயரமும் அடுத்த கிலோமீட்டரின் ஏற்றமும் அதில் எழுதியிருக்கும். எதிரே இறங்கி வருகிறவர்கள் "போன் கூராஜ்" என்று கத்திவிட்டுப் போனார்கள். தைரியமாகப் போ என்று பொருள். உச்சிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், சுரங்கப் பாதையின் வாயிலில், உருண்டையான ஒரு நினைவுத் தூண். ஹென்றி தெகிராஞ்சின் நினைவாக எழுப்பியது. அவர் ஒரு பத்திரிகை ஆசிரியர். லோட்டோ என்ற தன் விளையாட்டு நாளிதழின் விற்பனையைப் பெருக்கத்தான் 1903இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை நடத்தத் தொடங்கினார். அந்த நாளிதழ் மஞ்சள் தாளில் அச்சானது. 1919இல் முன்னணி வீரருக்குக் கொடுத்த சட்டையும் மஞ்சள். 1911இல் பந்தயத்தை முதன்முதலாகக் கலிபியே மேல் ஏற்றியவரும் அவரே. எமில் ஜோர்ஜே முதலாவதாகக் கடந்தார். பலர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்களாம். அப்போது சாலை அந்தச் சுரங்கத்துக்குள் நுழைந்து மறுபக்கம் போய்விடும். 1976இல் பழுதுபார்க்கச் சுரங்கத்தை மூடியபோதுதான் இப்போதைய உச்சிவரை சாலை நீண்டது. ஆகவே பழைய வீரர்களைவிட நாம் கொஞ்சம் அதிகம் ஏறுகிறோம், வேண்டுமானால் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

உச்சியை அடைந்தபோது நாலு மணி. மேற்கே மேகம் திரண்டிருந்தது. கணவரின் நிபந்தனை நினைவில் இல்லாமல் இல்லை. ஆனால் மேகத்தில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டை நகர்ந்து நகர்ந்து எதிரேயுள்ள சிகரத்துக்கு நேராக வந்தால், பாறைமேல் மட்டும் வெயில் விழும். அந்தப் படம் என் மனத்தில் ஏற்கெனவே எடுத்து முடிந்திருந்தது. காத்திருந்தேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். வியர்வையில் நனைந்த சட்டையோடு, ஆறு டிகிரிக் குளிரில், காற்றில், நாற்பது நிமிடம். ஓட்டை மூடிக்கொண்டது. முதல் இடி கேட்டது.

நம் ஊரில் வியர்த்த சட்டை காயும், அவ்வளவுதான். அந்த உயரத்தில் வியர்த்த சட்டை உடம்பிலிருந்து சூட்டை உறிஞ்சுகிறது. இறங்கும்போது கால் வேலை செய்வதில்லை. ஆகவே புதிதாகச் சூடும் பிறப்பதில்லை. வேகத்தால் எதிர்க்காற்று வேறு. ஃபிரேசர் மலையில் இறக்கம் என்றால் ஓய்வு. இங்கே இறக்கம்தான் சோதனை. இதைத்தான் நான் பயிற்சி செய்திருக்கவில்லை.

நினைவுத் தூணை நெருங்குவதற்குள் ஆலங்கட்டி மழை தொடங்கிவிட்டது. தூணின் மறைவில் குந்தி உட்கார்ந்தேன். மெல்லிய மழைச்சட்டை ஒன்றுதான் இருந்தது. கையுறையில் பாதி விரல் வெளியே. இடி கொஞ்சம் தள்ளிப் போனதும் மீண்டும் ஏறி உட்கார்ந்தேன். அப்போது உடம்பு நடுங்கத் தொடங்கிவிட்டது. உடம்பு நடுங்கினால் ஹேண்டில்பார் நடுங்குகிறது. ஹேண்டில்பார் நடுங்கினால் முன்சக்கரம் ஆடுகிறது. விரல்கள் பிரேக்கைப் பிடித்திருக்கின்றனவா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரு வளைவில் இடது கையை அழுத்தியதாக நினைத்தேன், அழுத்தவில்லை. சைக்கிள் எதிர்ப்பக்கம் போய், சாலையோரச் சரளையில் நின்றது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை, அவ்வளவுதான். என் திறமை எதுவும் அதில் இல்லை. அதற்குக் கீழே சரிவு எவ்வளவு ஆழம் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

அவசரத்துக்கு ஐரோப்பா முழுவதும் 112 என்ற எண் என்று கைப்பேசியில் குறித்து வைத்திருந்தேன். விரல் படாமல் திரை திறக்கவே இல்லை. மிச்சத்தில் பாதியை நடந்தேன், பாதியை ஒரு காலைத் தரையில் தேய்த்தபடி ஓட்டினேன்.

லோத்தரேயில் ஒரு காப்பிக்கடை திறந்திருந்தது. உள்ளே சைக்கிள் உடையில் நான்கு கிழவர்கள். எழுபதைத் தாண்டியவர்கள். நான் கதவைத் திறந்த கோலத்தைப் பார்த்ததுமே அவர்களில் ஒருவர் எழுந்து வந்து என் கையுறையை இழுத்துக் கழற்றினார். கடைக்காரப் பெண் துண்டு கொண்டுவந்தார். சூடான சாக்லேட் வந்தது; கோப்பையைப் பிடிக்க முடியாமல் முதல் வாயை நாய் மாதிரிக் குனிந்துதான் குடித்தேன். எனக்கு அவர் பேசியது புரியவில்லை, அவருக்கு நான் பேசியது புரியவில்லை. மேசைமேல் கிடந்த நாளிதழை எடுத்தார். லெ தோஃபினே லிபேரே, அந்த வட்டாரத்துப் பத்திரிகை. இரண்டு தாளை உருவி மடித்து, தன் சட்டைக்குள் நெஞ்சுப் பக்கம் செருகிக் காட்டி, கையால் காற்று வீசுவதுபோல் சைகை செய்து, "நோ" என்று விரலை ஆட்டினார்.

புரிந்துவிட்டது. என் அப்பா கப்சாய் மோட்டார் சைக்கிளில் அதிகாலை வேலைக்குப் போகும்போது ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பி மாட்டிக்கொள்வார். நம் ஊரில் இன்றும் பலர் அப்படித்தான் போகிறார்கள். நெஞ்சில் காற்று படக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். மலைப்பந்தய வீரர்கள் அந்தக் காலத்தில் உச்சியில் நிற்கும் ரசிகர்களிடம் நாளிதழ் வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டுதான் இறங்குவார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கழிப்பறைக்குப் போய், துண்டால் துடைத்து, அரசியல் பக்கமும் விளையாட்டுப் பக்கமும் நெஞ்சில் படும்படி செருகிக்கொண்டு வந்தேன். தாள் கழுத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து நாலு பேரும் சிரித்தார்கள். அவர் என் கேமராவைக் கேட்டு வாங்கி ஒரு படம் எடுத்தார்.

மழை விட ஒரு மணி நேரம் ஆனது. லா கிராவ்வரை அவர்கள் என்னை நடுவில் விட்டு, முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேராக மெதுவாக இறங்கினார்கள். வளைவு வரும்போதெல்லாம் முன்னே போனவர் கையைத் தாழ்த்தி வேகத்தைக் குறைக்கச் சொன்னார். ஊர் வந்ததும் கையசைத்துவிட்டு இருட்டுவதற்குள் பூர் துவாசானை நோக்கிப் போய்விட்டார்கள். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று இரவு அம்மாவிடம் "எல்லாம் நல்லா இருக்கு மா, கொஞ்சம் குளிர்" என்றேன். கணவரிடமும் அதையேதான் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னபோது, நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கை சரியாயிருச்சா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு நாள் படுத்தே கிடந்தேன். ஏழாம் நாள் மீண்டும் கிளம்பினேன். இந்த முறை விடிந்ததும். முழுவிரல் கையுறை, மாற்றுச் சட்டை, லா கிராவில் காசு கொடுத்து வாங்கிய அன்றைய நாளிதழ். லோத்தரேயில் காப்பிக்கடை இன்னும் திறக்கவில்லை. பத்து மணிக்கு உச்சி. பாறை மறைவில் நின்று காய்ந்த சட்டையை மாற்றிக்கொண்டேன், தாளைச் செருகினேன். கைக்கடிகாரத்தில் பதினைந்து நிமிடம் வைத்துக்கொண்டு மூன்று படம் எடுத்தேன். சுமாரான படங்கள்.

கடைசித் திட்டம் ஒன்று பாக்கி இருந்தது. வடக்குப் பக்கம் வலுவார் என்ற ஊருக்கு இறங்கி, மீண்டும் ஏறி வருவது. 18 கிலோமீட்டர், 1,245 மீட்டர் ஏற்றம். சைக்கிள்காரர்கள் கலிபியேயின் உண்மையான முகம் என்று சொல்வது அதைத்தான். வீட்டில் சுவரில் வரைபடம் ஒட்டி, அந்தப் பாதையில் சிவப்புக் கோடு போட்டிருந்தேன். உச்சியில் நின்று வடக்கே பார்த்தேன். வானத்தின் ஓரத்தில் பஞ்சுப் பொதிபோல் சில மேகங்கள். கறுப்பு இல்லை, வெள்ளைதான். கீழே வளைந்து வளைந்து போகும் சாலையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பினேன்.

அன்று இரவுவரை ஒரு சொட்டு மழை இல்லை. போயிருக்கலாம். லா கிராவில் விடுதி வாசலில் உட்கார்ந்து, நாள் முழுக்கப் பளிச்சென்று கிடந்த வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வலுவார் பக்கத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

கிள்ளானுக்குத் திரும்பிய வாரம் அம்மா வந்திருந்தார். படங்களைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினேன். ஷாஸ்லேயில் எடுத்த லா மேஜ் படம் வந்தபோது, "இருட்டா இருக்கே" என்றார். ஆடுகள் அவருக்குப் பிடித்தன. வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தபோது, நான் நீக்க மறந்திருந்த ஒரு படம் வந்து நின்றது. கொஞ்சம் மங்கல். காப்பிக்கடை மேசை, ஈரத் தலை, வெளுத்த உதடு, கழுத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நாளிதழ்.

"தனியாத்தானே போன? இது யாரு எடுத்தது?"

சொல்ல வேண்டியதாயிற்று. முழுவதும் சொன்னேன். ஆலங்கட்டி, பிரேக், சரளை, கிழவர்கள், தாள். அம்மா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்த பிறகும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அந்தப் பெரியவருக்குப் பேப்பரைத் திருப்பிக் குடுத்தியா?"

"இல்ல மா. நனைஞ்சு போச்சு."